பாத்திரம் மாறியே ஆக வேண்டுமா?
"குறும்படம் முடிவதற்குள் நாயகன் மாறியிருக்க வேண்டும்" என்று குறும்படம் பற்றிய ஒரு கட்டுரையில் சொல்லியிருப்பது இரண்டரை மணி நேரப் படத்துக்குச் சரி. பத்து நிமிடத்தில் ஒரு மனிதரைத் திருத்தப் போனால் கடைசியில் ஒரு அழுகை, ஒரு வயலின், அவ்வளவுதான் மிஞ்சும். இயக்குநர் பாயல் கபாடியா புனே திரைப்படக் கல்லூரியில் படித்தபோது எடுத்த 'ஆஃப்டர்நூன் கிளவுட்ஸ்' வெறும் 13 நிமிடம். வயதான விதவை ஒருவரும் அவர் வீட்டில் வேலை செய்யும் நேபாளப் பெண்ணும் ஒரு மதியத்தைக் கழிக்கிறார்கள்; யாரும் திருந்துவதில்லை. 2017இல் கான் விழாவின் மாணவர் பிரிவுக்குத் தேர்வானது அந்தப் படம். நாங்கள் கல்லூரியில் எடுத்த படத்தில் ஒரு தையற்கடைப் பெரியவர். கத்தரிக்கோல் கையருகே இருந்தாலும் நூலைப் பல்லால்தான் கடிப்பார். மடித்து வைத்த சட்டையை யாரும் பார்க்காதபோது பிரித்து மறுபடி மடிப்பார். மகனோடு சமாதானமாகும் காட்சியை எடிட்டிங்கில் தூக்கிவிட்டோம், திரையிடலில் எல்லோரும் கேட்டது அந்தச் சட்டையைப் பற்றித்தான். அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு நண்பர் "அப்புறம் கதை எங்கே?" என்கிறார். மகன் விற்கச் சொல்லும் தையல் மெஷினில்தான் பெரியவர் படம் முழுக்க உட்கார்ந்திருக்கிறார், இதைவிட வேறென்ன கதை வேண்டும்?