அவர் கேட்டால் துணிச்சல், இவர் கேட்டால் துரோகமா?

கமலா ஹாரிஸ், ஜோ பைடனை மேடையிலேயே மடக்கிய அந்த 2019 விவாதத்தின் இரண்டு நிமிடத் துண்டு மறுபடியும் என் சுவரில் வந்து விழுந்திருக்கிறது. கீழே வழக்கமான சண்டை. “அன்றைக்கே கிழவரைத் திணறடித்தவர்” என்று ஒருவர். “கட்சிக்காரரையே முதுகில் குத்தியவர்” என்று இன்னொருவர். இரண்டு பேரும் அந்த விவாதத்தை முழுதாகப் பார்த்திருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகம். பார்த்திருந்தாலும் ஐந்து வாரம் கழித்து, அதே ஹாரிஸைத் துளசி கபார்ட் மடக்கிய அடுத்த விவாதத்தை நிச்சயமாக மறந்திருக்கிறார்கள். அதை நினைவூட்டத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2019 ஜூன் 27, மயாமி. ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளராக யாரை நிறுத்துவது என்பதற்கான உட்கட்சிப் போட்டியின் முதல் விவாதம். மேடைக்குத் தகுதி பெற்றவர்கள் 20 பேர். ஒரே மேடையில் அடங்காது என்று இரவுக்குப் பத்துப் பேராக இரண்டு இரவுகளில் நடத்தினார்கள். இரண்டாம் இரவை ஏறத்தாழ 1.8 கோடிப் பேர் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். அந்தக் கட்சியின் உட்கட்சி விவாதத்துக்கு அதுவரை அவ்வளவு கூட்டம் கூடியதில்லை. நமக்கு அது வெள்ளிக்கிழமை காலை ஆறரை மணி. சென்னையில் குடங்களை வரிசையில் வைத்துவிட்டுத் தண்ணீர் லாரிக்குக் காத்திருந்த ஜூன் மாதம் அது. நான் வரிசையில் நின்றபடியே கைபேசியில் பார்த்தேன். இடையிடையே நியூஜெர்சியில் இருக்கும் என் அத்தை மகனும் அவர் மனைவியும் குடும்பக் குழுவில் செய்தி போட்டுக்கொண்டே இருந்தார்கள். அவர் பைடன் பக்கம். அந்த அம்மா ஹாரிஸ் பக்கம். ஒரே சோபாவில் உட்கார்ந்துகொண்டு வாட்ஸ்ஆப்பில் சண்டை போட்ட தம்பதியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

நம் ஊரில் வேட்பாளர் பட்டியலைத் தலைமை அறிவிக்கும். அதிருப்தி இருந்தால் நாலு பேர் அலுவலக வாசலில் கோஷம் போடுவார்கள், அதோடு முடிந்தது. அங்கே ஒரே கட்சிக்காரர்கள் ஊரறிய ஒருவரை ஒருவர் குறுக்கு விசாரணை செய்துதான் மேலே வர வேண்டும். கொள்கையில் இவர்களுக்குள் வித்தியாசம் குறைவு. அதனால் கேள்வி சீக்கிரமே பழைய வரலாற்றுக்குப் போய்விடும்: நீ அன்றைக்கு என்ன செய்தாய்?

அன்றும் அதுதான் நடந்தது. விவாதத்துக்குப் பத்து நாள் முன்பு ஒரு நிதி திரட்டும் விருந்தில் பைடன் பழைய செனட் நாட்களைப் பற்றிப் பெருமையாகப் பேசியிருந்தார். ஈஸ்ட்லண்ட், டால்மட்ஜ் என்ற இரண்டு தென்மாநில செனட்டர்களோடு கருத்து வேறுபாடு இருந்தும் சேர்ந்து வேலை செய்ததாகச் சொன்னார். இருவரும் இனப் பிரிவினையை ஆதரித்தவர்கள். மேடையில் நெறியாளர் ரேச்சல் மேடோ காவல்துறையையும் இனத்தையும் பற்றிய கேள்விக்குள் போனபோது ஹாரிஸ் குறுக்கிட்டார். இந்த மேடையில் இருக்கும் ஒரே கறுப்பர் என்ற முறையில் பேச விரும்புகிறேன் என்றார். பைடனைப் பார்த்து, உங்களை இனவெறியர் என்று நான் நம்பவில்லை என்று தொடங்கினார். அந்த இரண்டு பேரைப் பற்றி நீங்கள் பேசியது வலித்தது என்றார். பள்ளிகளில் இனக்கலப்பு ஏற்படப் பிள்ளைகளை பஸ்ஸில் வேறு பகுதிப் பள்ளிகளுக்கு அனுப்பும் திட்டத்தை நீங்கள் எதிர்த்தீர்கள், கலிபோர்னியாவில் அப்படி பஸ்ஸில் போன இரண்டாவது அணியில் ஒரு சிறுமி இருந்தாள், அந்தச் சிறுமி நான்தான் என்று முடித்தார்.

பைடன் தடுமாறினார். நான் எதிர்த்தது மத்தியக் கல்வித் துறை உத்தரவு போட்டு பஸ் விடுவதைத்தான் என்றார். உங்கள் ஊரில் அது உள்ளூர் முடிவு, நீங்கள் எப்படியும் அந்தப் பள்ளிக்குப் போயிருப்பீர்கள் என்றார். பேசிக்கொண்டே வந்தவர் திடீரென்று, என் நேரம் முடிந்துவிட்டது, மன்னிக்கவும் என்று தானே நிறுத்திக்கொண்டார். எத்தனை தேர்தல் பார்த்த அரசியல்வாதி! நெறியாளர் விரட்டினாலும் அடங்காத இனம் அது. இவர் தானாக நிறுத்தியதுதான் எனக்கு அதிர்ச்சி.

ஹாரிஸ் மேடையில் நிற்கும்போதே அவருடைய சிறுவயதுப் படம் ட்விட்டரில் ஏறிவிட்டது. அந்தப் படம் அச்சிட்ட டி-சர்ட் அவருடைய பிரச்சாரக் கடையில் சுமார் 30 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. பைடன் ஆதரவாளர்களுக்கு அது போதுமாக இருந்தது. “பார்த்தீர்களா, எல்லாம் முன்கூட்டியே எழுதிய நாடகம்” என்று என் அத்தை மகன் எழுதினார். நான் அன்று சொன்னதைத்தான் இன்றும் சொல்வேன்: தயாரிப்பில்லாமல் வந்து உட்கார அது என்ன திண்ணைப் பேச்சா? வாழ்நாள் முழுக்க வழக்கு நடத்திய பெண்மணி. எதிராளியின் பழைய வாக்குமூலத்தைப் படிக்காமல் நீதிமன்றம் போகும் வக்கீலை யாராவது அமர்த்துவார்களா? அத்தை மகன் மனைவியின் பதில் இன்னும் கூர்மை: “செய்த வேலையைப் பற்றிக் கேட்காமல் வேறு எதைக் கேட்பது?” இந்த வாக்கியத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நம்மவர்களின் எதிர்வினை தனி ரகம். பாதிப் பேர் ‘நம்ம ஊர்ப் பெண்’ என்று துள்ளினார்கள். மீதிப் பேர், கறுப்பர் என்றாரே, இந்தியர் என்று ஒரு வார்த்தை சொன்னாரா என்று முகம் சுளித்தார்கள். ஹாரிஸின் அம்மா சியாமளா கோபாலன் தன் இரண்டு மகள்களையும் அமெரிக்கா கறுப்புப் பிள்ளைகளாகத்தான் பார்க்கும் என்று தெரிந்தே வளர்த்தார். ஹாரிஸே இதை எழுதியிருக்கிறார். தோல் நிறத்தை வைத்துப் பள்ளி பிரிந்திருந்த ஊரில், அந்த பஸ்ஸில் ஏறிய குழந்தையிடம் போய் ‘உன் அம்மா சென்னை என்று சொல்லேன்’ என்று கேட்பதில் என்ன பொருள் இருக்கிறது? அதே இரவில் டிரம்பின் மூத்த மகன், அவர் அமெரிக்கக் கறுப்பரே இல்லை என்று யாரோ எழுதியதைப் பகிர்ந்துவிட்டுப் பிறகு நீக்கினார். பைடன் உட்பட எதிர்த்து நின்ற வேட்பாளர்கள் பலரும் அதைக் கண்டித்து ஹாரிஸுக்காகப் பேசினார்கள். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் சோபாவில் சமாதானம்.

இந்த ஆரவாரத்தில் யாரும் கவனிக்காமல் விட்டது பஸ்ஸைத்தான். ஹாரிஸ் பள்ளிக்குப் போன பெர்க்லியில் 1968-ல் பஸ் விட்டது அந்த ஊர்க் கல்வி வாரியம், தானாக முன்வந்து. மத்திய அரசு உத்தரவில்லை, நீதிமன்ற உத்தரவும் இல்லை. ஆகவே, பைடன் சொன்ன அந்த நுணுக்கமான வித்தியாசம் உண்மை. ஆனால் அவர் முழுக் கதையையும் சொல்லவில்லை. 1975-ல் செனட்டில் அவர் கொண்டுவந்த திருத்தம் கல்வித் துறையின் கையைக் கட்டுவது என்றால், 1977-ல் இன்னொரு செனட்டரோடு சேர்ந்து கொண்டுவந்த மசோதா நீதிமன்றங்கள் பஸ் விடச் சொல்லும் அதிகாரத்தையே சுருக்கப் பார்த்தது. துறையின் உத்தரவை மட்டும்தான் எதிர்த்தேன் என்பது அதோடு எப்படிப் பொருந்தும்? அடுத்த வாரம் அயோவாவில் நிருபர்கள் ஹாரிஸிடம், இப்போது மத்திய அரசு கட்டாயப்படுத்தி பஸ் விட வேண்டுமா என்று கேட்டார்கள். அது உள்ளூர் வாரியங்கள் பரிசீலிக்கக்கூடிய ஒரு கருவி என்கிற அளவில் அவர் நிறுத்திக்கொண்டார். அதற்கும் பைடன் நிலைக்கும் பெரிய இடைவெளி எனக்குத் தெரியவில்லை. டி-சர்ட் வாங்கியவர்கள் இதைப் பற்றி வாய் திறக்கவில்லை. பைடன் ஆட்களோ 1977 பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

கருத்துக் கணிப்புகள் குதித்தன. சிஎன்என் கணிப்பில் மே மாதம் 32 சதவீதத்தில் இருந்த பைடன் 22-க்கு இறங்கினார். 8-ல் இருந்த ஹாரிஸ் 17-க்கு ஏறினார். குயின்னிபியாக் பல்கலைக்கழகக் கணிப்பில் பைடன் 22, ஹாரிஸ் 20.

ஜூலை 31, டெட்ராய்ட், அடுத்த சுற்று. மேடைக்கு வந்த ஹாரிஸிடம் பைடன், என்னிடம் கொஞ்சம் இரக்கம் காட்டம்மா என்கிற தோரணையில் சொன்னது மைக்கில் விழுந்தது. கிண்டலா, மட்டம் தட்டலா என்று அதற்கே ஒரு நாள் சண்டை ஓடியது. ஆனால் அன்றைய அடி அந்தப் பக்கத்திலிருந்து வரவில்லை. அதே போட்டியில் இருந்த ஹவாய் மாநில நாடாளுமன்ற உறுப்பினர் துளசி கபார்ட், ஹாரிஸ் கலிபோர்னியாவில் அரசு வழக்கறிஞராக இருந்த காலத்தைக் கையில் எடுத்தார். கஞ்சா வழக்குகளில் 1,500-க்கும் மேற்பட்டோரைச் சிறையில் தள்ளிவிட்டு, நீங்கள் புகைத்ததுண்டா என்று கேட்டபோது சிரித்தார் என்றார். மரண தண்டனைக் கைதியாக இருந்த ஒரு நிரபராதியை விடுவித்திருக்கக்கூடிய சான்றைத் தடுத்தார் என்றார். கைதிகளைத் தண்டனைக் காலம் தாண்டியும் மலிவு உழைப்புக்காக வைத்திருந்தார் என்றார்.

ஹாரிஸ் தயாராக இல்லை. பொதுவாக எதையோ சொல்லிச் சமாளித்தார். அப்புறம் தொலைக்காட்சிப் பேட்டியில், முன்னணியில் இருப்பவள் என்பதால் அடி விழும் என்று எதிர்பார்த்தேன் என்றும், கபார்ட் சிரிய அதிபர் அசாத்துக்கு வக்காலத்து வாங்குபவர் என்றும் சொன்னார். கபார்ட் 2017-ல் அசாத்தைச் சந்தித்தது உண்மை. அதற்கும் கலிபோர்னியாக் கைதிக்கும் என்ன சம்பந்தம் என்றுதான் எனக்குப் புரியவில்லை.

இப்போது குடும்பக் குழுவுக்கு வாருங்கள். செய்த வேலையைக் கேட்காமல் வேறு எதைக் கேட்பது என்று ஜூனில் எழுதிய அதே அம்மா, “பழைய குப்பையைக் கிளறிக் கட்சியைக் காட்டிக்கொடுக்கிறாள்” என்று எழுதினார். முன்கூட்டியே எழுதிய நாடகம் என்று குமுறிய அத்தை மகனோ, கபார்ட் பேசிய துண்டைக் கைதட்டும் பொம்மைகளோடு இரண்டு முறை அனுப்பினார். கபார்டும் எழுதித் தயாரித்து வந்துதான் பேசினார், ஒரு நிமிடக் கணக்குக்குள் அழகாக அடக்கி. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். இணையம் முழுக்க அந்த வாரம் இதே கதைதான். கபார்டை ரஷ்யாவின் கை என்றார்கள், வலதுசாரி என்றார்கள். சான்றைத் தடுத்தாரா இல்லையா என்று கேட்டவரைத் தேடத்தான் வேண்டியிருந்தது.

என் நிலை இதுதான்: இரண்டு கேள்வியும் கேட்க வேண்டிய கேள்விகள். இரண்டிலும் மிகை இருந்தது. அந்த 1,500 என்ற எண், ஹாரிஸ் மாநிலத் தலைமை வழக்கறிஞராக இருந்த ஆண்டுகளில் கஞ்சா குற்றங்களுக்காக மாநிலச் சிறைக்குப் போனவர்களின் கணக்கு. அந்த வழக்குகளை நடத்தியவர்கள் மாவட்ட வழக்கறிஞர்கள். அவர் தன் கையால் சிறையில் தள்ளியது போலச் சொன்னது சரியில்லை. மலிவு உழைப்பு வாதத்தை அவருடைய அலுவலக வக்கீல்கள் நீதிமன்றத்தில் வைத்தது உண்மை; செய்தியைப் படித்துத் தானே அதிர்ந்ததாக அவர் சொன்னார். தன் அலுவலகம் என்ன வாதிடுகிறது என்று தலைவருக்கே தெரியாதா என்று ஓர் ஆதரவாளராவது கேட்டிருக்க வேண்டாமா?

ஆகஸ்டில் சிஎன்என் கணிப்பில் ஹாரிஸ் 5 சதவீதம். கபார்ட் ஒருவரால்தான் சரிந்தார் என்பது வீம்பு. மருத்துவக் காப்பீட்டில் நிலை மாறிக்கொண்டே இருந்தது, பணமும் வற்றியது. டிசம்பர் 3-ல் விலகிவிட்டார்.

2020 ஜூலையில் பைடன் கையில் இருந்த குறிப்புத் தாளை ஒரு புகைப்படக்காரர் படம் பிடித்தார். ஹாரிஸ் பெயருக்குக் கீழே, மனதில் வன்மம் வைக்கக் கூடாது என்ற பொருளில் ஒரு வரி. ஆகஸ்ட் 11-ல் அவரையே துணை அதிபர் வேட்பாளராக அறிவித்தார். மயாமியில் அப்படித் தாக்கினீர்களே என்று ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அதற்கு முன்பே கேட்டிருந்தார்கள். அது விவாதம்தானே என்று ஹாரிஸ் விழுந்து விழுந்து சிரித்தார். சிலருக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. எனக்கு அதில் நேர்மை தெரிந்தது. மேடை ஏறியவர்களுக்கு அது விவாதம் என்று தெரிந்திருந்தது. பார்வையாளர்களில்தான் நட்பை முறித்துக்கொண்டவர்கள் இருந்தார்கள். அத்தை மகன் ஆகஸ்ட் 12 அன்று ஹாரிஸின் சிறுவயதுப் படத்தைக் குழுவில் போட்டார். ஆமாம், டி-சர்ட்டில் இருந்த அதே படம். மனைவி அதற்கு ஒரு கட்டைவிரல் மட்டும் காட்டினார்.

கபார்ட் பின்னர் 2022-ல் கட்சியை விட்டு விலகி, 2024-ல் குடியரசுக் கட்சியில் சேர்ந்து, 2025-ல் டிரம்ப் ஆட்சியில் தேசிய உளவுத்துறை இயக்குநரானார். இப்போது அந்தக் காணொளிக்குக் கீழே ஹாரிஸ் ஆதரவாளர்கள் இதைத்தான் துருப்புச் சீட்டாகப் போடுகிறார்கள்: பார்த்தீர்களா, அன்றைக்கே சொன்னோம். ஒருவர் பிற்பாடு எந்தக் கட்சிக்குப் போனார் என்பது, அவர் 2019-ல் கேட்ட கேள்வியைப் பொய்யாக்குமா?

அந்தக் கேள்விக்குப் பதில் தேட விரும்புகிறவர்களுக்கு வழி இருக்கிறது. கபார்ட் குறிப்பிட்ட மரண தண்டனைக் கைதி கெவின் கூப்பர், 1983-ல் நடந்த கொலைகளுக்காகத் தண்டனை பெற்றவர். ஹாரிஸ் தலைமை வழக்கறிஞராக இருந்தபோது கூப்பர் கேட்ட புதிய மரபணுச் சோதனைக்கு அலுவலகம் இணங்கவில்லை. 2018-ல் செனட்டரான ஹாரிஸ் சோதனை நடக்க வேண்டும் என்று சொன்னார். ஆளுநர்கள் சோதனைக்கு உத்தரவிட்டார்கள். 2021-ல் ஆளுநர் நியூசம் ஒரு தனி விசாரணைக்கும் உத்தரவிட்டார். 2023 ஜனவரியில் வந்த அந்த அறிக்கை, கூப்பர் குற்றவாளி என்பதற்கான சான்றுகள் விரிவானவை, உறுதியானவை என்று முடிவு சொன்னது. கபார்டின் ‘நிரபராதி’ அங்கே அடிபடுகிறது. சோதனைக்கு ஏன் அத்தனை வருடம் இழுத்தடிக்க வேண்டும் என்ற கேள்வி ஹாரிஸிடமே நிற்கிறது. அறிக்கை பொதுவெளியில்தான் இருக்கிறது. காணொளிக்குக் கீழே சண்டை போடும் நண்பர்கள் இரண்டு தரப்பிலும் யாராவது அதைப் படித்துவிட்டு வந்தால் நான் பேசத் தயார்.