ஆமாம், பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்

ஞாயிற்றுக்கிழமை நம் ஊர்க் குழுவில் சுற்றிய, ஒரு பெரியவர் பேசிய ஒலிப்பதிவைக் கேட்காதவர்கள் கோத்தகிரியில் மிச்சம் இருப்பதாகத் தெரியவில்லை. எனக்கே நான்கு பேர் அனுப்பினார்கள். "மாத்திரையை நிறுத்தி வலிப்பை வரவழைத்திருக்கிறார்கள், பெற்ற தகப்பன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தானாம்." பெயர் சொல்லவில்லை, பெருந்தன்மை! தேயிலை ஃபேக்டரியில் கணக்கு எழுதும் பையன் என்று சொன்ன பிறகு பெயர் எதற்கு?

மாத்திரையைக் குறைத்தது மருத்துவர். சம்மதித்துக் கையெழுத்துப் போட்டது என் மகன். அவனுக்கு வயது 26. நான் உடன் தங்கியவன், அவ்வளவுதான்.

வலிப்பு உள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மாத்திரையால் முழுக் கட்டுப்பாடு கிடைப்பதில்லை. இவன் அந்த ஒருவன். இரண்டு மாத்திரை, பிறகு மூன்று. அப்படியும் மாதம் இரண்டு முறை வந்துவிடும். வலிப்பு மூளையில் எந்த இடத்தில் தொடங்குகிறது என்று தெரிந்தால்தான் அறுவை சிகிச்சையைப் பற்றிப் பேசவே முடியும். அது தெரிய வேண்டுமானால் தலையில் ஒயர் இருக்கும்போது வலிப்பு வர வேண்டும். மூளையின் மின் அலைகளைப் பதியும் ஈஈஜி சோதனையைச் சாதாரணமாக அரை மணி நேரம் எடுப்பார்கள். அந்த அரை மணிக்குள் வந்துவிட்டுப் போ என்று வலிப்பிடம் சொல்லிவைக்க முடியுமா? அதற்காகத்தான் கோவையில் ஐந்து நாள், இரவும் பகலும், கேமராவுக்கு எதிரே.

ஆபத்து இல்லையா என்பீர்கள். உண்டு. அதனால்தான் வீட்டில் செய்யாமல் ஆஸ்பத்திரியில் செய்கிறார்கள். கையில் ஊசிக் குழாய் தயாராக இருந்தது, கட்டிலுக்கு இருபுறமும் தடுப்பு, கூப்பிட்டால் ஓடி வர நர்ஸ்.

இருபதுக்கும் மேற்பட்ட ஒயர்களைப் பசை போட்டு ஒட்டி, துணியால் தலைப்பாகை மாதிரி சுற்றிவிட்டார்கள். இரண்டாம் நாள் இரவு தூங்கக் கூடாது என்றார்கள். விடியும்வரை சீட்டு விளையாடினோம். வீட்டிலிருந்து கொண்டுபோன வர்க்கியை அவன் நொறுக்க ஆரம்பித்ததும் டெக்னீஷியன் பெண் எட்டிப் பார்த்து, "என்ன சாப்பிடுகிறீர்கள்? திரை முழுக்க ஒரே கிறுக்கலாக இருக்கிறது" என்றார். மெல்லும்போது தாடைத் தசை அசைவதும் பதிவாகிவிடுமாம். பிறகு டீயில் ஊறவைத்துக் கொடுத்தேன்.

விடிந்து சிறிது நேரத்தில் வந்தது. எனக்கு முதல் நாளே பாடம் நடத்தியிருந்தார்கள்: பட்டனை அழுத்துங்கள், போர்வையை விலக்குங்கள், பெயர் என்ன என்று கேளுங்கள், கேமராவை மறைக்காதீர்கள். பார்வை ஒரு பக்கம் நிலைகுத்தியது, உதடு சப்புக்கொட்டியது. நான் என்ன செய்தேன் தெரியுமா? பாய்ந்து கட்டிப்பிடித்துக்கொண்டேன். அந்த வலிப்பின் வீடியோவில் இருப்பது என் ஸ்வெட்டரின் முதுகு. எந்தக் கை முதலில் முறுக்கியது என்று மருத்துவர் கேட்டார். யாருக்குத் தெரியும்?

அடுத்த நாள் வந்தபோது பட்டனை அழுத்தினேன், போர்வையை விலக்கினேன், இரண்டடி தள்ளி நின்று, "உன் பெயர் என்ன?" என்று கேட்டேன். நான் வைத்த பெயரை நானே அவனிடம் கேட்டேன். இடது கை முறுக்கியது. ஒன்றரை நிமிடம். ஆமாம் அண்ணா, பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பார்ப்பதற்குத்தான் என்னை அங்கே வைத்திருந்தார்கள்.

இன்னொருவர் அக்கறையோடு, "ஓர் இரும்புத் துண்டைக் கையில் கொடுத்திருக்கலாமே" என்று எழுதியிருக்கிறார். கொடுத்திருக்கிறார்கள், அய்யா. ஆறு வருடம் முன்பு அரவேனு பஸ் நிறுத்தத்தில் யாரோ சாவிக்கொத்தைத் திணித்தார். உள்ளங்கையில் கிழித்த தழும்பு இன்னும் இருக்கிறது. பெரும்பாலான வலிப்பு ஓரிரு நிமிடத்தில் தானாகவே நிற்கும், பெயர் மட்டும் சாவிக்குப் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள், ஐந்து நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். அக்கறை இருப்பவர்களுக்கு இது போதும்.

"நல்ல எண்ணத்தில்தானே சொன்னார், பெரியவர்" என்கிறார்கள். இருக்கட்டும். ஒலிப்பதிவின் கடைசியில் "காக்காய் வலிப்புக்காரனுக்கு இனி யார் பெண் கொடுப்பார்கள்" என்று ஒரு பெருமூச்சு வருகிறதே, அதுவும் நல்ல எண்ணம்தானா? இந்துத் திருமணச் சட்டத்தில் திருமணத்துக்குத் தடையாக இருந்த "வலிப்பு" என்ற சொல்லையே 1999-இல் திருத்தம் கொண்டுவந்து எடுத்துவிட்டார்கள். அப்போது இவன் தொட்டிலில் கிடந்தான். அந்தத் திருத்தம் மலை ஏறி வருவதற்குள் இவனுக்கு நரைத்துவிடும் போலிருக்கிறது. அவன் யாரிடமும் பெண் கேட்கவே இல்லை என்பது வேறு விஷயம்.

ஐந்து நாளில் என் போன் அடித்தது மூன்று முறை. இரண்டு முறை என் தங்கை, ஒரு முறை எரிவாயு சிலிண்டர் கொண்டுவருபவர். நான்கு நிமிடம் பேசிப் பதிவு செய்ய முடிந்தவருக்கு, "சாப்பிட்டாயா" என்று கேட்க அரை நிமிடம் கிடைக்கவில்லை.

அப்படியானால் நீ மட்டும் இங்கே எழுதலாமா என்று கேட்பீர்கள். நான் தகப்பன். அது வேறு.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒலிப்பதிவில் அவர் பேசியதை நான் பிப்ரவரி மாதமே என் சமையலறையில் நின்று பேசிவிட்டேன். வேண்டாம், இப்படியே ஓட்டிவிடலாம், மாதம் இரண்டுதானே என்றேன். தட்டைக் கழுவிக்கொண்டே அவன், "அப்பா, அந்த இரண்டும் எனக்கு வருகிறது" என்றான். அதன் பிறகு அவன் என்னிடம் அனுமதி கேட்கவில்லை. கூட வருவீர்களா என்று மட்டும் கேட்டான்.

முடிவைப் பேச வரும் வியாழக்கிழமை மறுபடி கீழே இறங்குகிறோம். போடுவதற்கு முன் இந்தப் பதிவை அவனிடம் காட்டினேன். இரண்டு இடங்களை எடுத்துவிடச் சொன்னான். ஒன்றை எடுத்துவிட்டேன்.