அது ஃபுட்பால் பூட்ஸ் இல்லை சாமி

பழங்காலக் கொரியக் கல்லறையில் கிடைத்த, அடியில் முள் வைத்த உலோகச் செருப்பைக் காட்டுகிற அந்த ரீல்ஸைப் பற்றித்தான். ஆளாளுக்கு என்னை டேக் செய்து சிரிப்பு முகம் போட்டீர்களே, அதேதான். "1500 வருஷத்துக்கு முன்னாடியே கொரியாக்காரன் ஃபுட்பால் பூட்ஸ் போட்டிருக்கான்." கீழே ஒரு அறிவாளி, "இதை மாட்டிக்கிட்டு நடந்தா ராஜா ரெண்டாவது அடியிலயே மல்லாந்திருப்பான்."

ஆமாம், மல்லாந்திருப்பான். ஏனென்றால் அது நடப்பதற்குச் செய்ததே இல்லை. செத்தவர் காலுக்குச் செய்தது.

பொன்முலாம் பூசிய மெல்லிய உலோகத் தகட்டில், துணியில் பூவேலை செய்வது மாதிரி குடைந்து குடைந்து செய்திருக்கிறார்கள். அடியில் ஆணி போல முள். பேக்ஜே என்ற பழைய கொரிய நாட்டின் மன்னன் முர்யொங் கல்லறையில் கிடைத்த ஜோடி ஏறக்குறைய 35 செ.மீ. நீளம். எந்த மனுஷனுக்கு அந்தக் கால்? நடக்கச் செய்திருந்தால் அளவெடுத்திருக்க மாட்டார்களா?

அதே கொரியாவில், நாஜு ஊரில் ஜொங்சோன் கல்லறையில் 2014-ல் எடுத்த ஜோடியின் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பாருங்கள். முன்நுனியில் ஒரு டிராகன் தலை நிமிர்ந்து நிற்கிறது. உள்ளங்காலில் தாமரை. மண்ணில் படப்போகிற, யாருமே பார்க்கப்போகாத இடத்தில் தாமரை! அந்தச் செருப்புக்குள் இருந்த மண்ணில் ஈயின் கூட்டுப்புழுக் கூடுகள் கிடைத்தன. உடலை உடனே புதைக்காமல் சில நாள் வைத்திருந்து சடங்கு செய்திருக்கிறார்கள் என்று அதை வைத்துத்தான் கணித்தார்கள். முர்யொங் மன்னன் விஷயத்தில் காத்திருப்பு இன்னும் நீளம்: இறந்தது 523-ல், அடக்கம் 525-ல். இரண்டு வருஷத்துக்கு மேல் காத்திருந்து அனுப்பிவைத்த ஆளின் காலில் கிடந்ததுதான் உங்கள் ஃபுட்பால் பூட்ஸ்.

"சும்மா ஜோக்குங்க, இதுக்குப் போய்..." என்பீர்கள். சரி. உங்கள் தாத்தா படத்துக்குப் போட்ட சந்தன மாலையை வைத்து நான் ஒரு ஜோக் அடிக்கட்டுமா?

"செத்தவனுக்கு எதுக்குச் செருப்பு?" என்று வேறு ஒருவர் கேட்டிருந்தார். காரியத்தன்று குடையும் செருப்பும் வாங்கித் தானம் கொடுக்கிற ஊரிலிருந்து இந்தக் கேள்வி! போகிற வழியில் வெயிலும் முள்ளும் இருக்கும் என்றுதானே கொடுக்கிறோம்? அவர்கள் காலிலேயே மாட்டி அனுப்பினார்கள், அவ்வளவுதான்.

எங்கள் அப்பா காரியத்துக்கு ஒரு உறவினர்தான் சாமான் வாங்கி வந்தார். தானத்துக்கு இருந்ததிலேயே மலிவான ரப்பர் செருப்பு. அம்மா அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அவருக்கு ஒன்பது. இது எட்டு" என்றார். "எப்படியும் ஐயர்தானே போடப்போறார்" என்று சொல்லி எல்லோரும் சிரித்தார்கள். நல்ல ஜோக்தான். அம்மா எதுவும் பேசவில்லை. நான்தான் வண்டியை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனேன். வெயிலில் போய்ச் செருப்பை மாற்றி வந்த பைத்தியக்காரன் என்று இன்றைக்கும் குடும்பத்தில் எனக்குப் பெயர் உண்டு.

இன்னொரு ஆட்சேபம் வரும், தெரியும். "ராஜாவுக்குத் தங்க முலாம், உழைத்தவனுக்கு என்ன?" நியாயமான கேள்வி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த ரீல்ஸில் யாருமே அதைக் கேட்கவில்லையே. உள்ளங்காலில் தாமரை குடைந்தவனும் உழைத்தவன்தான். அவன் வேலையைப் பார்த்துத்தான் கெக்கெக்கே என்று சிரித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

"கொரியாக்காரனுக்கே கோபம் வரலை, உனக்கு என்ன வந்தது?" அவர்கள் 2021-ல் இந்த நாஜு ஜோடியையும், கோசாங் ஊரில் கிடைத்த இன்னொரு ஜோடியையும் அரசுப் பொக்கிஷமாக அறிவித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். அந்த ஃபார்வர்டைத் தினம் காலையில் குடும்ப குரூப்பில் பார்க்கிறவன் நான்தானே. அதை அனுப்பியது யார் தெரியுமா? எட்டாம் நம்பர் செருப்பு வாங்கி வந்த அதே மனிதர். கீழே நாலு சிரிப்பு முகம்.

குரூப்பிலிருந்து நேற்று ராத்திரியே வெளியேறிவிட்டேன். திரும்பச் சேர்க்கச் சொல்லி யாரும் அம்மாவிடம் தூது போக வேண்டாம்.