நோயாளிக்குத் தனிச் சட்டி வைக்காதீர்கள்

போன வருடம் ஆடி கடைசியில் அப்பாவுக்கு இதயக் குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தார்கள். வயது 67, சர்க்கரை பதினைந்து வருடமாக இருக்கிறது. டிஸ்சார்ஜ் அன்று டாக்டர் ஆட்டுக்கறியைக் குறைக்கச் சொன்னார். மாதம் ஒரு நாள் கொழுப்பில்லாத துண்டு இரண்டு மூன்று சாப்பிடலாம், வாராவாரம் வேண்டாம் என்றார். எங்கள் வீட்டில் அது சின்ன விஷயம் இல்லை. மதுரைக்காரர்கள் நாங்கள். ஞாயிறு என்றால் காலையில் ஏழு மணிக்கே அப்பா தூக்குச்சட்டியோடு கறிக்கடைக்குப் போய் நிற்பார், நல்லி எலும்பு இரண்டு தனியாகக் கேட்டு வாங்குவார், மதியம் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவோம். வாரத்தில் ஆறு நாளும் ஆளுக்கொரு நேரம் சாப்பிடுகிற குடும்பம் ஒரு பாயில் உட்காருவது அந்த ஒரு வேளைதான்.

ஆவணியில் நாங்கள் செய்த தப்பைச் சொல்கிறேன். நீங்கள் செய்யாதீர்கள். அடுப்பில் இரண்டு சட்டி வைத்தோம். எங்களுக்குக் கறிக்குழம்பு, அப்பாவுக்கு மிளகு ரசமும் அவித்த காயும். அவர் ஒன்றும் சொல்லவில்லை. "நீங்க சாப்பிடுங்கப்பா, எனக்கென்ன" என்றுதான் சொன்னார். ஆனால் சீக்கிரம் சாப்பிட்டு எழுந்துவிடுவார். மூன்றாவது வாரம் தம்பி தட்டை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போய்விட்டான், அப்பா முன்னால் எலும்பைக் கடிக்க மனசு வரவில்லை என்று. பிள்ளைகளும் அவன் பின்னாலேயே போய்விட்டார்கள். அம்மா இரண்டு சமையல் சமைத்துவிட்டு அடுப்படியிலேயே நின்றுகொண்டு சாப்பிட்டார்.

அப்புறம் புரட்டாசி வந்தது. எங்கள் வீட்டில் புரட்டாசி முழுக்கக் கறி கிடையாது, எப்போதுமே அப்படித்தான். அந்த மாதம் அப்பாவிடம் ஒரு வாட்டமும் இல்லை. சாம்பாரையும் கத்திரிக்காய்ப் புளிக்குழம்பையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். ஐப்பசி பிறந்து மறுபடி இரண்டு சட்டி ஏறியதும் பழையபடி முகம் சுருங்கிவிட்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவருக்குக் கறி இல்லாதது ஒரு பக்கம்தான் குறை. எல்லோரும் ஒன்று சாப்பிடும்போது தான் மட்டும் வேறு சாப்பிடுவதுதான் அவரைத் தின்றிருக்கிறது. அதனால் இதை நான் அழுத்தியே சொல்வேன்: வீட்டில் ஒருவருக்கு உணவு மாற வேண்டும் என்றால் வீட்டுச் சமையலே மாறட்டும். எல்லோரும் விரும்பிச் சாப்பிடுகிற மாதிரி ஒரே சட்டியில் வையுங்கள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இது கறி சாப்பிடுகிறவர்களைக் குறை சொல்லும் பதிவு கிடையாது. கறி தின்பதைக் கீழாகப் பேசுகிறவர்கள் பக்கத்தில் நான் நிற்கவும் மாட்டேன். ஈரலும் சுவரொட்டியும் (ஆட்டு மண்ணீரல்) இரத்தம் கம்மியான எத்தனையோ பேரைத் தேற்றியிருக்கின்றன. எங்கள் வீட்டுக்கு வந்த தேவை வேறு, அவ்வளவுதான்.

சரி, ஒரே சட்டி என்று முடிவாயிற்று. எதை வைப்பது? முதல் வாரம் கறிக்குழம்பு மசாலாவை அப்படியே அரைத்து, கறிக்குப் பதிலாக மீல்மேக்கரைப் போட்டேன். சொதப்பிவிட்டது. உருண்டைகள் குழம்பையெல்லாம் உறிஞ்சிக்கொண்டு உள்ளே உப்புக் கரித்தன, வெளியே குழம்பு சப்பென்று இருந்தது, சோயாவின் அந்தப் பச்சை வாடையும் போகவில்லை. அதைவிடப் பெரிய தப்பு, பரிமாறும்போது "கறி மாதிரியே இருக்கும்பா" என்று சொன்னது. சொன்ன உடனே அவர் கறியோடு ஒப்பிடத்தான் செய்வார். ஒப்பிட்டால் எதுவும் ஜெயிக்காது.

அடுத்த வாரம் உருளைக்கிழங்கும் காலிஃபிளவரும். ருசி நன்றாகவே இருந்தது. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து அப்பாவுக்குச் சர்க்கரை பார்த்தோம், 260. சோற்றுக்கு மேல் கிழங்கு, அதற்கு மேல் அப்பளம், ஏறாமல் என்ன செய்யும்?

இந்த இடத்தில்தான் நிறைய பேர் ஏமாந்துபோகிறார்கள். கறியை எடுத்துவிட்டாலே ஆரோக்கியம் வந்துவிட்டது என்று நினைக்கிறோம். கறியோடு சேர்ந்து புரதமும் இரும்புச்சத்தும் பி12ம் தட்டை விட்டுப் போகின்றன, அந்த இடத்தில் சோறும் கிழங்கும் எண்ணெயும் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. பலாக்காய் பிரியாணியையும் காளான் குழம்பையும் கறிக்கு மாற்று என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கும் இரண்டும் பிடிக்கும், மென்று சாப்பிட அருமையாக இருக்கும். ஆனால் 100 கிராம் காளானில் புரதம் 3 கிராம் சுற்றித்தான். பிஞ்சுப் பலாக்காயிலும் அதற்கு மேல் பெரிதாக இல்லை. எலும்பு போக 100 கிராம் ஆட்டுக்கறியில் 20 கிராம் அளவுக்குப் புரதம் இருக்கிறது. அந்தக் கணக்கை ஈடுகட்டுவது பயறும் பருப்பும் சோயாவும்தான். காய்ந்த பயறு எதை எடுத்தாலும் பெரும்பாலும் நூற்றுக்கு இருபதை ஒட்டி இருக்கும். மீல்மேக்கர் என்பது எண்ணெய் பிழிந்தெடுத்த சோயா மாவு. அதில் நூற்றுக்கு ஐம்பது தாண்டும், ஊறுவதற்கு முன் நிறுத்த எடைக்கு.

இதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகும் ஏதோ ஒன்று குறைகிறதே என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். விடை அம்மாவிடமிருந்து வந்தது. "உங்கப்பாவுக்குக் கடிச்சு உறிஞ்ச ஏதாவது வேணும்டா, முருங்கைக்காயைப் போடு" என்றார். கறிக்குழம்பில் முருங்கைக்காய் போடுவது எங்கள் பக்கத்தில் புதிது இல்லை, அது எப்போதும் சட்டியில் ஓரமாகக் கிடந்த ஒன்றுதான். அதை நடுவில் கொண்டுவந்தோம். ஆளுக்கு நான்கு துண்டு, விரல் நீளத்துக்கு. அன்று அப்பா ஒரு துண்டை எடுத்து இரண்டாகப் பிளந்து, கட்டைவிரலால் சதையை வழித்து வாயில் போட்டு, பிறகு அந்த நாரைப் பல்லில் வைத்து இழுத்து உறிஞ்சினார். சக்கையைத் தட்டின் விளிம்பில் வரிசையாக வைத்தார். நல்லி எலும்பைத் தட்டில் தட்டி உறிஞ்சிவிட்டு வைப்பாரே, அதே இடத்தில். யாரும் எதுவும் பேசவில்லை. தம்பி மகள் மட்டும் தாத்தாவைப் பார்த்துத் தானும் அதேபோல் வரிசை வைத்தாள்.

குழம்பைச் சொல்கிறேன், ஐந்து பேருக்கு. காய்ந்த மொச்சை 200 கிராம் ராத்திரியே ஊறப்போட வேண்டும். ஊறிய தண்ணீரைக் கட்டாயம் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குக்கரில் குழைய வேகவிடுங்கள், மொச்சை அரைவேக்காடாக இருக்கவே கூடாது. நேரம் இருந்தால் ஊறியதைப் பிதுக்கித் தோலை எடுத்துவிடலாம், வெண்ணெய் மாதிரி வேகும், வயிற்றுக்கும் லேசு. மீல்மேக்கர் 75 கிராம். இதைக் கொதிக்கும் தண்ணீரில் பத்து நிமிடம் போட்டு, பிழிந்து, பச்சைத் தண்ணீரில் இரண்டு தடவை அலசி, ஒவ்வொரு தடவையும் ஒட்டப் பிழியுங்கள். அந்த வாடை இதில்தான் போகும். பிறகு பாதியாக நறுக்கி, இஞ்சி பூண்டு விழுது, மஞ்சள், கொஞ்சம் மிளகுத்தூள் பிசிறி, இரும்புச் சட்டியில் ஒரு ஸ்பூன் எண்ணெயில் ஓரம் சிவக்கிற வரை வறுத்துத் தனியாக வையுங்கள். குழம்பு இறக்குவதற்குப் பத்து நிமிடம் முன்னால்தான் சேர்க்க வேண்டும். முதலிலேயே போட்டால் எனக்கு நடந்த கதைதான்.

மசாலாவில் எதையும் குறைக்காதீர்கள். மல்லி மூன்று கரண்டி, வரமிளகாய் எட்டு, மிளகு ஒரு கரண்டி, சோம்பு, சீரகம், பட்டை, கிராம்பு மூன்று, கல்பாசி ஒரு சிட்டிகை. எண்ணெய் விடாமல் வறுத்து அரைக்க வேண்டும். கல்பாசியை மறந்துவிடாதீர்கள், தெருமுனையில் வரும்போதே "கறிக்குழம்பு" என்று மூக்கு சொல்கிற அந்த வாசனையில் பாதி அதனுடையது. சின்ன வெங்காயம் கால் கிலோ, இதில் கஞ்சத்தனமே கூடாது. பூண்டு பதினைந்து பல், தக்காளி மூன்று. வெங்காயத்தையும் தக்காளியையும் அவசரப்படாமல் சுருள வதக்குங்கள். கறியில் எலும்பும் கொழுப்பும் கொடுக்கிற அடர்த்தியை இங்கே வதக்கலும் அரைப்பும்தான் கொடுக்க வேண்டும். வெந்த மொச்சையில் ஒரு கரண்டி எடுத்து, ஒரு ஸ்பூன் கசகசாவோடும் இரண்டு ஸ்பூன் தேங்காய்த் துருவலோடும் நைசாக அரைத்து விட்டால் குழம்பு சோற்றில் ஒட்டிப் பிடிக்கும். அரை மூடித் தேங்காய் வேண்டியதே இல்லை. மசாலா கொதிக்கும்போதே மொச்சையையும் முருங்கைக்காயையும் சேர்த்துவிடுங்கள்.

எண்ணெய் விஷயத்தில் ஒரு பழக்கத்தை விட வேண்டியிருந்தது. கறிக்குழம்பில் மேலே எண்ணெய் மிதக்கும், அது பெரும்பாலும் கறியின் கொழுப்பு. கறி இல்லாத குழம்பிலும் அந்த மிதப்பு வேண்டும் என்று ஒரு குழிக்கரண்டி அதிகமாக ஊற்றுகிறோம். புரட்டாசியில் நிறைய வீடுகளில் எண்ணெய்ச் செலவு கூடுவதற்கு இதுவும் காரணம் என்பது என் கணிப்பு. ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் 2000 கலோரி உணவுக்கு எண்ணெயும் கொழுப்பும் நாளைக்கு 27 கிராம் என்றுதான் சொல்கிறது. மூன்று வேளைக்கும் சேர்த்து. எங்கள் குழம்புக்கு ஐந்து பேருக்கு மூன்று மேசைக்கரண்டி நல்லெண்ணெய், அதற்கு மேல் ஒரு சொட்டு கிடையாது. உப்பும் அப்படித்தான், உலக சுகாதார நிறுவனம் சொல்வது நாளைக்கு 5 கிராமுக்குள். ஞாயிறு மதியம் ஊறுகாயும் அப்பளமும் எடுப்பதை நிறுத்தினோம். அப்பா முதல் இரண்டு வாரம் கேட்டார், அப்புறம் கேட்கவில்லை.

இந்தக் குழம்பில் ஆளுக்குப் புரதம் 15 கிராமுக்குக் குறையாமல் கிடைக்கும். கறிக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது, நார்ச்சத்தோ கறியில் துளியும் கிடையாது, இதில் தாராளம். ஆனால் இரண்டு விஷயங்களில் இந்தச் சட்டி கறிக்கு ஈடாகாது. பி12 செடிகொடியில் கிடைக்காது. அப்பா மாதிரி வருடக்கணக்கில் மெட்ஃபார்மின் என்கிற சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அது ஏற்கனவே குறைந்திருக்க வாய்ப்புண்டு, அதனால் தயிரும் முட்டையும் விடாமல் கொடுக்கிறோம், இரத்தத்திலும் அளவு பார்த்தோம். அடுத்தது இரும்புச்சத்து. பயறில் இருக்கும் இரும்பை உடம்பு கறியில் இருப்பதைப்போல் எளிதாக எடுத்துக்கொள்ளாது. கூடவே எலுமிச்சையோ நெல்லிக்காயோ இருந்தால் நன்றாகச் சேரும், சாப்பிட்டவுடன் காபி டீ குடித்தால் அவ்வளவாகச் சேராது. இப்போது எங்கள் வீட்டில் வெங்காயப் பச்சடியில் தயிருக்குப் பதிலாக எலுமிச்சை பிழிகிறோம், மதியக் காபி நாலு மணிக்குத் தள்ளிப்போய்விட்டது. தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மாத்திரைக்கும் சோயாவுக்கும் நடுவே நல்ல இடைவெளி விடுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் இந்தப் பயறுக் கணக்கெல்லாம் உங்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான்.

சோற்றையும் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் மலைபோல் சோறு, அதன்மேல் நான்கு துண்டு கறி. இப்போது தட்டில் மூன்றில் ஒரு பங்குதான் சோறு, மொச்சையும் காயும் மீதி. அப்பாவுக்கு மதியச் சர்க்கரை இப்போது 180ஐத் தாண்டுவதில்லை. இது எங்கள் வீட்டுக் கணக்கு, மருந்தும் நடையும் சேர்ந்த பலன்.

பாக்கெட்டில் வருகிற செயற்கைக் கறி வகைகளைப் பற்றி இரண்டு நண்பர்கள் கேட்டார்கள். வாங்கிப் பார்த்தேன். உறையைத் திருப்பி உப்பு எவ்வளவு என்று படியுங்கள், விலையையும் பாருங்கள். மொச்சை இருக்கும்போது எனக்கு அது தேவைப்படவில்லை. செட்டிநாட்டில் தட்டைப்பயறை அரைத்து இலையில் வைத்து அவித்து, துண்டு போட்டு "சைவ மீன் குழம்பு" வைக்கிறார்கள். நம்மிடம் கைவேலை நிறையவே இருக்கிறது.

பெயர் மட்டும் கவனம். "சைவ மட்டன்" என்று எங்கள் வீட்டில் யாரும் சொல்வதில்லை. மொச்சைக் குழம்பு, அவ்வளவுதான். மொச்சைக் குழம்பு என்று நினைத்துச் சாப்பிட்டால் அது ரொம்ப நல்ல மொச்சைக் குழம்பு. திங்கள் காலை தோசைக்கு மீந்த குழம்பைச் சுண்ட வைத்து ஊற்றினால், அதற்குத்தான் இப்போது வீட்டில் போட்டி.

டாக்டர் அனுமதித்த மாதக் கறி வருகிற ஞாயிறு. தொடைக்கறி அரைக் கிலோ, கொழுப்பெல்லாம் எடுத்துவிட்டு, மொச்சையும் முருங்கைக்காயும் அதே சட்டியில் சேர்ந்து வேகும். அப்பாவுக்கு மூன்று துண்டு, எங்களுக்கும் மூன்று துண்டுதான். தூக்குச்சட்டியைப் பரணிலிருந்து இறக்கி அவரே துலக்கி வைத்திருக்கிறார்.