சாய்ஸ் ஃபில்லிங் நேரத்தில் யார் பேசுகிறார்கள்?

சில வருடங்களாகப் பொறியியல் கலந்தாய்வு சமயத்தில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு சாய்ஸ் ஃபில்லிங் செய்ய, அதாவது வேண்டிய கல்லூரியையும் பாடப்பிரிவையும் விருப்ப வரிசையில் ஆன்லைனில் பதிவு செய்ய, உதவுகிறேன். "என்ன படிக்கணும்?" என்று பிள்ளையைக் கேட்டால் அப்பா பதில் சொல்வார், அவருக்கும் தெரியாவிட்டால் சித்தப்பாவுக்கு போன் போகும். பிள்ளை தன் கட்-ஆஃபை மட்டும் சொல்லும்.

அப்புறம் நாமே சொல்கிறோம், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சொந்தமாக முடிவெடுக்கத் தைரியமில்லை என்று. எனக்கு இதைக் கேட்டாலே கோபம் வரும். பத்தாம் வகுப்பு மார்க்கைப் பார்த்து எந்த குரூப் என்பதைப் பள்ளியும் வீடும் முடிவு செய்துவிட்டன, அதுவரை ஒரு முடிவுகூட எடுக்காத பிள்ளைக்குப் பதினேழு வயதில் திடீரென்று எங்கிருந்து வரும்?

1983இல் டெய்லர், பெட்ஸ் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள், என்ன வேலைக்குப் போவது என்று முடிவெடுக்க ஒருவருக்குத் தன்மேல் எவ்வளவு நம்பிக்கை இருக்கிறது என்பதை அளக்க 50 கேள்விகள் உருவாக்கினார்கள். அவற்றில் ஒன்று, உனக்குப் பிடித்த துறையில் வேலை பார்க்கும் ஒருவரிடம் போய்ப் பேச முடியும் என்று எவ்வளவு நம்புகிறாய் என்பது. எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி இது.

போன வருடம் ஒரு பெண், அப்பா கொத்தனார். அவளுக்கு சிவில் மேல் ஆசை, வீட்டிலோ "பொம்பளப் புள்ள வெயில்ல நிக்கணுமா" என்ற பேச்சு. அப்பா வேலை பார்த்த சைட்டிலேயே ஒரு பெண் இன்ஜினியர் இருந்தார். அவரிடம் கூட்டிப் போகச் சொன்னேன். சம்பளம் எவ்வளவு, சைட்டில் டாய்லெட் இருக்குமா, மேஸ்திரிகள் சொன்னபடி கேட்பார்களா என்று எல்லாம் கேட்டிருக்கிறாள். மறுநாள் முப்பது கல்லூரிகளை அவளே வரிசைப்படுத்தினாள், நான் சும்மா பக்கத்தில் இருந்தேன்.

பணமும் இதில் இருக்கிறது, மறைக்க வேண்டாம். ஒரு வருடம் வீணானாலும் தாங்கும் வீட்டுப் பிள்ளைக்கு வரும் துணிச்சல், வட்டிக்கு வாங்கிப் படிக்க வைக்கும் வீட்டில் எப்படி வரும்? அந்தக் கொத்தனார் மகள் அரசுப் பள்ளியில் படித்தவள். அரசுப் பள்ளி மாணவர்களுக்கென்று 2021 முதல் பொறியியலுக்கும் வந்த 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கட்டணத்தை அரசே கட்டும் என்று தெரிந்த பிறகுதான் அப்பாவின் முகமே மாறியது. ஆனாலும் "நீதானே கேட்ட" என்று பின்னால் குத்திக்காட்ட மாட்டோம் என வீட்டில் இருப்பவர்கள் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். அந்த பயத்திலேயே வாயை மூடிக்கொள்ளும் பிள்ளைகளை நிறையப் பார்த்துவிட்டேன்.

இந்த வருடம் மெக்கானிக்கல், டெக்ஸ்டைல் கேட்கும் இரண்டு பேர் இருக்கிறார்கள். அந்தத் துறைகளில் வேலை பார்ப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் போனில் பேச முடியுமென்றால் இன்பாக்ஸில் சொல்லுங்கள்.