"அடுத்து எப்போ பெரிய படம்?"

அனிமேஷன் குறும்படம் எடுத்தவர் ஒரு விருது வாங்கினால் போதும், மறுநாளே இந்தக் கேள்வி வந்து நிற்கும். குறும்படம் என்பது ஏதோ விசிட்டிங் கார்டு மாதிரியும், முழுநீளப் படம்தான் நிஜமான உத்தியோகம் மாதிரியும் ஒரு நினைப்பு. மெக்சிகோ குறும்படக்காரர்களின் கதையைத் தேதி போட்டுப் பார்த்தால் இந்த நினைப்பு ரொம்ப தூரம் போகாது.

1994 கான் திரைப்பட விழா என்றால் எல்லோருக்கும் 'பல்ப் ஃபிக்ஷன்' எடுத்த டாரன்டினோதான் ஞாபகம் வருவார். அதே வருடம் குறும்படத்துக்கான தங்கப் பனை விருதை வாங்கியவர் கார்லோஸ் கர்ரேரா என்ற மெக்சிகோக்காரர். படம் 'எல் எரோயே', அதாவது 'வீரன்'. சுமார் ஐந்து நிமிடம் ஓடும், கையால் வரைந்த அனிமேஷன். நெரிசலான ஒரு மெட்ரோ நிலையம், தண்டவாளத்தில் குதிக்கத் தயாராக நிற்கும் ஒரு பெண், அதைக் கவனித்துவிடும் ஒரு மனிதன். மிச்சத்தைப் படத்தில் பாருங்கள்.

குறும்படம் முதல் படி, முழுநீளப் படம் மேல்படி என்று ஏணிக் கணக்குப் போடுகிறவர்கள் இவரைத்தான் கை காட்டுவார்கள். குறும்படம், கான், அப்புறம் 2002-இல் 'எல் க்ரிமென் டெல் பாத்ரே அமாரோ' என்ற கதைப்படம், அதற்கு ஆஸ்கர் பரிந்துரை. கச்சிதமாகத்தான் தெரிகிறது. ஆனால் கர்ரேராவின் முதல் முழுநீளப் படமான 'லா முஹேர் தே பென்ஹமின்' 1991-லேயே வந்துவிட்டது. பெரிய படம் எடுத்து முடித்தவர்தான் திரும்பி வந்து ஐந்து நிமிடப் படத்துக்கு உட்கார்ந்து வரைந்திருக்கிறார். ஏணியில் மேலே போனவர் எதற்குக் கீழ்ப்படிக்கு வருவார்? அவருக்கு அது கீழ்ப்படி இல்லை, அவ்வளவுதான். முழுநீள அனிமேஷன் எடுக்க அவர் எவ்வளவு காலம் காத்திருந்தார் என்பது தனிக்கதை. 'அனா இ புரூனோ' மெக்சிகோ தியேட்டருக்கு வந்தது 2018-இல். கானுக்கும் அதற்கும் இடையே 24 வருடம்.

இனி குவாதலஹாராவுக்கு வருவோம். ஹலிஸ்கோ மாநிலத்தின் தலைநகர், மெக்சிகோவின் ஸ்டாப் மோஷன் ஊர், அதாவது பொம்மையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி ஒவ்வொரு நிலையாகப் படம் பிடிக்கும் அனிமேஷனின் ஊர். ரெனே காஸ்தியோவின் 'அஸ்தா லோஸ் உவேசோஸ்' (2001) இங்கே பிறந்த படம். செத்துப்போன ஒருவன் எலும்புக்கூடுகளின் உலகத்துக்கு வந்து சேர்கிறான். போசாதா என்ற செதுக்கோவியர் ஒரு நூற்றாண்டுக்கு முன் உருவாக்கிய தொப்பி போட்ட சீமாட்டி எலும்புக்கூடு, கத்ரீனா, அங்கே பாட்டுப் பாடுகிறாள். அதே ஊர்தான் ரீத்தா பசுல்தோவுக்கும். ஹுவான் ஹோசே மெதினாவுடன் சேர்ந்து 2000-இல் 'எல் ஒக்தாவோ தியா', தனியாக 2013-இல் 'யூவியா என் லோஸ் ஓஹோஸ்', மறுபடி மெதினாவுடன் 2015-இல் 'சிம்போ', பிறகு 2023-இல் 'ஊமோ'. கடைசிப் படம் ஆஸ்கரின் 15 படக் குறும்பட்டியல் வரை போனது. இறுதி ஐந்தில் இடம் கிடைக்கவில்லை.

இந்த வருடங்களைப் பார்த்துவிட்டு "நடுவுல இத்தனை வருஷம் என்ன பண்ணினாங்க?" என்று கேட்பவர்களுக்காக ஒரு கணக்கு.

ஒரு விநாடிக்கு 24 ஃப்ரேம், அதாவது 24 அசையாப் படங்கள். ஒவ்வொரு நிலையையும் இரண்டு ஃப்ரேமுக்கு நிறுத்தி எடுத்தால் 12 நிலைகள். பத்து நிமிடப் படம் என்றால் 600 விநாடி, 7,200 தடவை பொம்மையைத் தொட்டு நகர்த்த வேண்டும். நல்ல அனிமேட்டர், ஒரே ஒரு பாத்திரம், எல்லாம் ஒழுங்காக அமைந்த நாள் என்றால் மூன்று விநாடி தேறும். இரண்டு பாத்திரம் பேசிக்கொள்ளும் காட்சி என்றால் ஒரு விநாடி வந்தாலே பெரிய விஷயம். மூன்று விநாடி வீதமே வைத்துக்கொண்டாலும் 200 படப்பிடிப்பு நாள். வாரம் ஐந்து நாள் என்றால் 40 வாரம். கேமராவை ஆன் செய்வதற்கு முந்தைய வேலை எதுவும் இதில் சேரவில்லை. ஸ்டோரிபோர்டு (காட்சிகளை வரைந்து வைப்பது), அனிமேட்டிக் (அந்த ஓவியங்களை நேரக் கணக்கில் ஓட்டிப் பார்ப்பது), பொம்மை, துணிமணி, செட் என்று அதற்கு இன்னொரு வருடம் சாதாரணமாகப் போகும்.

பொம்மை என்றால் சும்மா களிமண் உருண்டை இல்லை. 25, 30 செ.மீ. உயரம், உள்ளே ஓர் எலும்புக்கூடு. காசு இருந்தால் எஃகுப் பந்து மூட்டு, இல்லாவிட்டால் அலுமினியக் கம்பி. ஒன்றரை, இரண்டு மி.மீ. கம்பியில் இரண்டு மூன்று இழையை டிரில்லில் மாட்டி முறுக்கி, எலும்பு வரும் இடத்தில் எபாக்சி புட்டி பூசி, மூட்டு வரும் இடத்தை மட்டும் வெறுமையாக விடுவார்கள். அலுமினியம் திரும்பத் திரும்ப வளைந்தால் களைத்துப்போய் ஒடியும். முதலில் போவது விரல், அப்புறம் முழங்கை. அதனால் மணிக்கட்டில் சதுரப் பித்தளைக் குழாய் வைத்து, ஒன்றுக்குள் ஒன்று சொருகிக் கழற்றும்படி செய்து, நாலைந்து ஜோடி கைகளை மாற்றாக வைத்திருப்பார்கள். காட்சி பாதியில் ஒடிந்தால், முந்தைய ஃப்ரேமைத் திரையில் மங்கலாகப் போட்டு, அதன்மேல் புதுக் கை அச்சாகப் பொருந்தும்வரை தடவிக்கொண்டிருக்க வேண்டும். பந்து மூட்டுக்கு வேறு தலைவலி. திருகை அதிகம் இறுக்கினால், கையை எடுத்ததும் மூட்டு கொஞ்சம் திரும்பி வரும். தளர்த்தினால் தொங்கும். எடை தாங்கும் கணுக்கால் இறுக்கமாகவும் கழுத்து இலகுவாகவும் இருக்க வேண்டும்.

தோலுக்கு சிலிக்கோன் என்றால் அச்சு எடுக்கும் களிமண்ணில் கந்தகம் இருக்கக்கூடாது. இருந்தால் பிளாட்டினம் வகை சிலிக்கோன் இறுகவே இறுகாது, பிசுபிசுவென்று அச்சோடு போய்விடும். புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் இதில்தான் முதல் அடி வாங்குகிறார்கள், சிலிக்கோன் விலையையும் அப்போதுதான் தெரிந்துகொள்கிறார்கள்.

படப்பிடிப்பில் கெட்டுப்போக இன்னும் எத்தனையோ இருக்கிறது. பாதத்தில் நட் பதித்து, மேசைக்கு அடியிலிருந்து திருகு போட்டுத்தான் பொம்மையை நிறுத்துவார்கள். ஒவ்வோர் அடிக்கும் ஒரு புதுத் துளை, பழைய துளையை அடைத்து வண்ணம் பூச வேண்டும். லென்ஸ் துளையைக் கேமராவே மின்சாரத்தில் திறந்து மூடினால், ஒவ்வொரு முறையும் மயிரிழை வித்தியாசம் வந்து படம் மினுக்கும். அதனால்தான் பழைய கையியக்க லென்ஸ்களைத் தேடி வாங்குகிறார்கள். அனிமேட்டர் வெள்ளைச் சட்டை போட்டால் அந்த வெளிச்சம் செட்டில் பிரதிபலிக்கும். காட்சியைப் பாதியில் விட்டு வீட்டுக்குப் போனால், ராத்திரி குளிரில் மரச் செட் அசைந்து, காலையில் படம் ஒரு துள்ளு துள்ளும். ட்ரைபாட் மேல் கால் பட்டுவிட்டாலோ, அன்றைய மூன்று விநாடியும் போச்சு.

இத்தனையும் புத்தகத்தில் படிக்கலாம்தான். ஆனால் எந்தக் கணுக்காலை எவ்வளவு இறுக்குவது என்பது பக்கத்து மேசைக்காரர் கையைப் பார்த்துத்தான் வரும். குவாதலஹாராவில் இருபது வருடமாகக் குறும்படங்கள் செய்த உண்மையான வேலை இதுதான். படத்துக்குப் படம் கைகள் பழகின. அதே ஊரில் பிறந்த கியெர்மோ தெல் தோரோ 'பினோக்கியோ' (2022) எடுத்தபோது, முக்கியப் படப்பிடிப்பு அமெரிக்காவின் போர்ட்லாந்தில் நடந்தது என்றாலும், ஒரு பகுதி குவாதலஹாராவின் 'எல் தாயேர் தெல் சூச்சோ' கூடத்தில் உருவானது. ஊர்ப்பாசம் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் பாசத்துக்காக யாரும் அந்தத் தரத்தில் சமரசம் செய்யமாட்டார்கள். வேலை தெரிந்த கைகள் அங்கே தயாராக இருந்தன. அந்தக் கைகளைத் தயார் செய்தது பத்துப் பன்னிரண்டு நிமிடப் படங்கள்.

என் குறை வேறு இடத்தில். மெக்சிகோவில் இம்சினே என்ற அரசு திரைப்பட நிறுவனம் 1983 முதல் இருக்கிறது, குறும்படங்களுக்கும் போட்டி வைத்துப் பணம் தருகிறது. நம் பக்கத்திலிருந்து பார்த்தால் பொறாமையாகவே இருக்கிறது. ஆனால் பெரும்பாலும் மானியம் என்பது படத்துக்குத் தரப்படுகிறது, பட்டறைக்கு இல்லை. படம் முடிந்ததும் மேசையைக் கழற்றி, செட்டை உடைத்து, வாடகை மிச்சம் பிடிக்க அச்சுகளைத் தூக்கிப்போட்டு, அனிமேட்டர்கள் விளம்பர வேலைக்குப் போவார்கள். அடுத்த மானியம் வரும்போது அதே அச்சை மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டும். ஒரு கூடம், நாலு கனமான மேசை, விளக்கு, இரண்டு கேமரா, அச்சுகளை வைக்க ஈரம் ஏறாத ஓர் அறை. இரண்டு படங்களுக்கு நடுவே உள்ள காலத்துக்கு இதன் வாடகையை யாராவது ஏற்றுக்கொண்டால், 'சிம்போ'வுக்கும் 'ஊமோ'வுக்கும் நடுவே உள்ள எட்டு வருடம் மாதிரியான இடைவெளிகள் நாலாகக் குறையும் என்பது என் கணிப்பு.