ஏஜிஐக்கு அறிவு எங்கிருந்து வருகிறது என்று முதலில் கேளுங்கள்

எந்த வேலையைக் கொடுத்தாலும் மனிதனைப் போலக் கற்றுக்கொண்டு செய்யும் செயற்கை நுண்ணறிவு, அதாவது ஏஜிஐ, எந்த வழியில் வரும்? நாகர்கோவிலைச் சுற்றியிருக்கும் கல்லூரிகளில் படிக்கிற பிள்ளைகளிடம் இதைக் கேட்டால் மூன்று வகை சொல்வார்கள். விதிகளையும் குறியீடுகளையும் நம்பும் வழி, எடுத்துக்காட்டுகளைப் பார்த்துத் தானே கற்கும் நரம்பு வலைப்பின்னல் வழி, இரண்டும் கலந்த வழி. 2008இல் போலந்து ஆய்வாளர் டூக்கும் அவருடைய கூட்டாளிகளும் ஏறக்குறைய இப்படித்தான் பிரித்தார்கள். அன்றைக்கு அது உதவியது. இன்றைக்கு அதை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் புரிந்துகொள்ள முடியாது என்பது என் உறுதியான கருத்து.

காரணம், அந்தக் கலப்பு வகை எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது. கோ என்ற பலகை ஆட்டத்தில் 2016இல் கொரிய வீரர் லீ செடோலைத் தோற்கடித்த ஆல்ஃபாகோ என்ற கணினி நிரலை எடுத்துக்கொள்ளுங்கள். நரம்பு வலையும் உண்டு, கிளைகிளையாக நகர்த்தல்களைத் தேடிப் பார்க்கும் பழைய முறையும் உண்டு. அடுத்த வருடமே ஆல்ஃபாகோ ஜீரோ வந்தது. அதிலும் இதே இரண்டும்தான். அப்படியென்றால் இரண்டும் ஒரே வகையா? முதலாவது, மனிதர்கள் ஆடிய ஆட்டங்களைப் பார்த்துத் தொடங்கியது. இரண்டாவதற்கு ஆட்ட விதிகள் மட்டுமே கொடுக்கப்பட்டன. தன்னோடு தானே ஆடிக் கற்று, லீயை வென்ற அந்த ஆல்ஃபாகோவை நூற்றுக்கு நூறு ஆட்டத்தில் வென்றது. இவ்வளவு பெரிய வித்தியாசம் அந்த மூன்று வகைப் பட்டியலில் கண்ணுக்கே தெரியாது.

அதனால்தான் சொல்கிறேன், உள்ளே என்ன இயந்திரம் ஓடுகிறது என்பதை விட்டுவிட்டு, அறிவு யாரிடமிருந்து வருகிறது என்று பார்த்துப் பிரிக்க வேண்டும். 1984இல் அமெரிக்க ஆய்வாளர் டக்ளஸ் லெனட் தொடங்கிய சைக் திட்டத்தில், உலக நடப்பை ஆட்கள் உட்கார்ந்து ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்லிக்கொடுத்தார்கள். சாட்ஜிபிடி போன்ற இன்றைய மொழி மாதிரிகள், மனிதர்கள் எழுதி வைத்ததைப் படித்துத் தேறியவை. ரோபோ ஆய்வாளர் ரோட்னி புரூக்ஸ் கட்டிய ரோபோக்கள் உலகத்தை நேரடியாக உணர்ந்தே செயல்பட வேண்டும் என்ற கொள்கையில் வந்தவை. மூளையை அப்படியே நகலெடுப்போம் என்பவர்களும் இருக்கிறார்கள். 302 நரம்பணுக்கள் மட்டுமே உள்ள ஒரு புழுவின் நரம்பிணைப்பு வரைபடம் 1986லேயே வந்துவிட்டது, ஆனால் அந்தப் புழு இன்னும் கணினிக்குள் முழுதாக உயிர் பெறவில்லை.

இந்தக் கேள்வி நம் மாவட்டத்துக்கு ஏன் முக்கியம் என்பதற்கு வருகிறேன். குலசேகரம், அருமனை பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறவர் பக்கத்தில் நின்று பாருங்கள். விடியும் முன்பே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு இறங்கிவிடுவார், வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலை உரித்துப் போட்டுவிட்டு, இடது மேலிருந்து வலது கீழாகச் சரியும் பழைய வெட்டில் கத்தியை வைத்துப் பட்டையை மெல்லிய சீவலாக எடுப்பார். பால் அதிகம் இருப்பது உள்பட்டையில். ஆழம் குறைந்தால் சிரட்டை நிறையாது. கூடிப்போய், மரத்தை வளர்க்கும் அடுக்கில் கத்தி பட்டால் அந்த இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாகத்தான் வரும். அந்த அடுக்குக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் முன்னால் கை நிற்க வேண்டும். எப்படி அண்ணே தெரியுது என்று கேட்டால், கைக்குத் தெரியும் என்பார்.

வெட்டின் சாய்வும், எத்தனை நாள் இடைவெளி விட வேண்டும் என்பதும் புத்தகத்தில் இருக்கின்றன. மொழி மாதிரி அவற்றை அழகாக ஒப்பிக்கும். அந்த ஒரு மில்லிமீட்டரில் கையை நிறுத்தும் பக்குவம் எழுத்தில் இல்லை. எழுத்திலிருந்து கற்கும் வழியே ஏஜிஐக்குப் போதும் என்று சொல்கிறவர்கள், இந்தக் கையை அறிவுக் கணக்கில் சேர்க்காமல்தான் அப்படிச் சொல்கிறார்கள். எனக்கு அது ஒப்புதல் இல்லை.

அப்புறம் ஒரு குழப்பம். 2023இல் கூகுளின் டீப்மைண்ட் ஆய்வாளர்கள் ஏஜிஐக்குப் படிநிலைகள் வகுத்தார்கள். சாட்ஜிபிடியை முதல் படியில், முளைவிடும் நிலையில் வைத்தார்கள். நல்ல வேலைதான். ஆனால் அது எவ்வளவு தூரம் போயிருக்கிறோம் என்பதன் அளவு. எந்தப் பாதையில் போகிறோம் என்பதை அது சொல்லாது. விவாதங்களில் இரண்டையும் போட்டுக் குழப்புகிறார்கள்.

அறிவின் மூலத்தை வைத்துப் பிரித்தால் இன்னொரு கேள்வியும் தானாக வரும்: அந்த அறிவு யாருடையது, அதற்கு என்ன கூலி? நரம்பு வலையா, விதிமுறையா என்று பிரித்தால் இந்தக் கேள்வி எழவே எழாது. நாளைக்கே ஒரு நிறுவனம் வந்து, பால் வெட்டும் அண்ணனின் நெற்றியில் கேமராவைக் கட்டி அவர் கையசைவைப் பதிவு செய்யலாம். அந்தப் பதிவில் பழகிய ரோபோ, எந்தத் தோட்டத்துக்கும் போகும். அன்றைய வெட்டுக்கூலியை மட்டும் கொடுத்து அவரை அனுப்பிவிடக் கூடாது. வெட்டுக்கு ஒரு கூலி, கற்றுக்கொடுப்பதற்குத் தனிக் கூலி, அந்தப் பதிவு பயன்படும் காலம் வரை அதில் பங்கு. தொழிற்சங்கங்கள் கேமரா வருவதற்கு முன்பே இதை ஒப்பந்தத்தில் எழுதிக் கேட்க வேண்டும்.